கொய்யா மரத்து முசுறுகள்

மாமரத்தில் இடம் போதாமல் முசுறு எறும்புகளில் ஒரு கூட்டம், குறுக்கே ஓடிய கொடிவழியாகப் பக்கத்துக் கொய்யா மரத்துக்குக் குடிபோனது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டது. அவர்களுக்குத் தலைவி முத்தாரி. மாமரத்தைத் தாய்வீடு என்றுதான் சொல்லுவாள். முதலில் சொட்டும் தேனைத் தானே சுமந்து போய் மாமரத்து ராணியிடம் கொடுப்பாள்.

ஓணான்களோடு நடந்த சண்டையில் மாமரம் இளைத்துப்போனது. “இனி நீங்கள் தைக்கும் ஒவ்வோர் இலைக்கும் வரி” என்று ராணி ஆணையிட்டாள். கொய்யா மரத்து இளசுகள் கொதித்தன. “பொறுங்கள், நான் பேசிவிட்டு வருகிறேன்” என்று முத்தாரி கிளம்பினாள்.

“தரமாட்டோம் என்று சொல்லவில்லை, அம்மா. வரி போடும் முன் எங்களில் ஒருத்தியையாவது கூப்பிட்டுக் கேளுங்கள்.”

“பெற்றவள் பிள்ளையைக் கேட்டுக்கொண்டா சோறு போடுகிறாள்?”

“போடும்போது கேட்க வேண்டாம், அம்மா. எடுக்கும்போது கேட்கலாமே.”

ராணிக்கு முகம் சிவந்தது. முத்தாரி திரும்பிய கையோடு காவல் எறும்புகளும் வந்தன. வரி கட்டாத கூடு என்று ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போயின. உள்ளே இருந்த குஞ்சுகள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன.

முத்தாரி கீழே கிடந்த குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு போய், மாமரத்துக்குப் போகும் கொடியைக் கடிக்கத் தொடங்கினாள்.

எதிர்முனையில் நின்ற காவல் எறும்பு பதறியது. “அக்கா, அது தாய்வீட்டுக்குப் போகிற வழி!”

“தெரியும். அதில் அதிகம் நடந்தவள் நான்தான்” என்றாள் முத்தாரி. மறுபடியும் பல்லை அழுத்தினாள்.