கோசோங்

சாஆ ஊர் ரொட்டிக் கடையில் காலை வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கி, யோகேஸ்வரி அக்காவின் மஞ்சள் ஹெல்மெட்டில் மினுங்குகிறது. நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். காலடியில் தேங்கிய வியர்வையில் இரண்டு வாத்துகள் நீந்தலாம். தபால் நிலையத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தே ஏற்றிய எடையில் ஒன்பது கிலோ போயாயிற்று. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால்தான் அடுத்த மாத நூற்றறுபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு டாக்டர் கையெழுத்துப் போடுவார். சர்க்கரையில்லாத தேநீரை நினைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ‘வெறும், காலி’ என்ற பொருளில் “கோசோங்!” என்று மட்டும் சொல்லிவிட்டார். கடைக்காரர் காதில் அது ‘ரொட்டி கோசோங்’ என்று விழுந்துவிட்டது. இப்போது முட்டை சேர்க்காத வெறும் ரொட்டி இரண்டு, பௌர்ணமி நிலவாக உப்பி, பருப்புக் குழம்போடு முன்னால் ஆவி விடுகின்றன. அந்த வாசத்துக்கு பக்கத்து ஊர் லாபிஸ் ரயிலே தண்டவாளத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பிவிடும். பக்கத்து மேசைத் தங்கராஜுவின் தொந்தி சிரிப்பில் மேசையையே நகர்த்துகிறது. “சாப்பிடுங்க லா அக்கா! இந்த வயசுல சைக்கிள் ஓட்டி யாரைப் பிடிக்கப் போறீங்க?” அக்காவின் விரல் தட்டைத் தொடுகிறது. கல்லில் ரொட்டி திருப்புகிற கைகூட நின்றுவிடுகிறது. தட்டு சர்ரென்று வழுக்கித் தங்கராஜுவின் முன்னால் போய் நிற்கிறது. “நீங்க சாப்பிடுங்க தம்பி. அடுத்த மாசம் ரோட்டோரம் நின்னு எனக்குக் கை தட்டணுமில்ல, தெம்பு வேணும்.” பிறகு செம்பனைத் தோட்டத்து ஆந்தைகளெல்லாம் தூக்கம் கலைந்து எழும்படி கடைக்குள் திரும்பி, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் கேட்டுக் கத்துகிறார்: “அண்ணே, தே ஓ கோசோங்! வயிறுதான் கோசோங், காலு ரெண்டும் ஃபுல்லு!”