மொட்டைமாடிக் கேமரா

"மொட்டைமாடிக்கு வைஃபை எட்டல, அண்ணாச்சி. கேமராவ ஹால்லயே மாட்டிருவோமா?" என்றான் கேமரா மாட்ட வந்த மாரிச்செல்வம்.

"மாடியிலதான் வேணும். எட்டலன்னா இன்னொரு பெட்டியப் போடு."

இசக்கிப்பாண்டி யாரையும் எளிதில் நம்பமாட்டார். படிக்கட்டில் அவன் இரண்டாவது வைஃபை பெட்டியை மாட்டியதும், மூச்சு வாங்க மாடியேறி, கேமராவில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

மாரிச்செல்வத்துக்குப் பாவமாக இருந்தது. "நீங்க தனியா இருக்கீகன்னு மகன் கவலப்படுதாரு போல. அவரு நம்பரச் சொல்லுங்க, அவரு போன்ல சேத்துருதேன்."

"என் போன்ல சேத்துருலே."

"பாக்கப் போறது அவருல்லா?"

"நாந்தாம்லே பாக்கப் போறேன். இது அவன் வீடு, அவன் வேலைக்குப் போயிருக்கான். நான் இருக்கது வடகரையில. போன மாசம் அவனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. சிகரெட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுதான், கள்ளப்பய."

சாயங்காலம் வடகரைக்குப் போய்ச் சேர்ந்ததும் போனைத் திறந்தார். தென்காசி வீட்டு மொட்டைமாடியில் மகன் தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தான்.

"ஏலே மணிமுத்து, கீழ போடுலே!"

தலைக்கு மேலிருந்த கேமராவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டதும், அவன் வாயிலிருந்த சிகரெட் தானாக விழுந்தது.

"சட்டப்பையில இருக்கதையும்லே!"