வாசலில் கொட்டிய ஆரத்தி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஆகாயம் போய்த் திரும்பிய ஒன்றுக்கு ஆரத்தி எடுத்த கதையைச் சொல்கிறேன். ராஜாமணியின் மகள் எழில்மதி விண்வெளிக்குப் போகத் தேர்வாகியிருந்தாள். ஊரே வாழ்த்தியும், பெற்றவள் வாயிலிருந்து மட்டும் "போயிட்டு வா" வரவில்லை. அதைக் கேட்காமல் எப்படிக் கிளம்புவது? எழில் அம்மாவை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். ஆளில்லாமல் மேலே அனுப்பிச் சோதித்த பழைய விண்கலம், கருகிய அடிப்பாகத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தது. ராஜாமணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏங்கண்ணு, அத்தன தூரம் போயிட்டு இது முழுசா வந்துருச்சா?"

"கடல்ல வந்து எறங்குச்சும்மா."

"வந்ததுக்கு ஆரத்தி எடுத்தாங்களா?"

எழில் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் யாரு எடுப்பாங்க?"

"அடப்பாவமே! இத்தன வருசமா வாசல்லயே நிக்குதே இது!"

சிற்றுண்டிக் கடையில் மஞ்சள்தூள் கேட்டு வாங்கி, தன் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பைச் சேர்த்து, சோற்று டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. காவலர் ஓடிவந்தார். "அம்மா, இங்க தண்ணி கொட்டக் கூடாதுங்க!"

"கொட்ட மாட்டஞ் சாமி. சுத்திட்டு வாசல்லதான கொட்டோணும்?"

அதுவும் சரிதானே என்று அவர் தடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மூன்று சுற்று சுற்றி, வெளிவாசலில் கொட்டினாள் ராஜாமணி. பிறகு மூடியைத் துடைத்து மகளின் கையில் திணித்தாள்.

"இதைய பத்திரமா வெச்சிரு. வந்ததும் உனக்கு எடுக்கோணும். போயிட்டு வா, கண்ணு."

உங்கள் வீட்டு வாசலிலும் ஆரத்திச் சிவப்பு காயாமல் இருக்கட்டும், செல்லங்களா.