மட்டும்

"விக்க மாட்டேன்னா எதுக்குய்யா கடையில வெச்சிருக்கே?"

அவருடைய குரல் தோட்டச் சாமான் பிரிவைத் தாண்டி, பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த இடம் வரைக்கும் போனது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் சட்டென்று எழுந்துகொண்டார்.

சேல்ஸ்மேன் பொறுமையாகத்தான் சொன்னான்.

"விக்க மாட்டேன்னு சொல்லல சார். உங்களுக்கு வேண்டாம்னு சொல்றேன். இந்த மாடல் நின்னு போச்சு."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கு? எங்கேயும் ஓடிப் போயிடலியே!"

மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"நீ சும்மா இரு. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒண்ணு கேட்கிறதே அபூர்வம். உங்க வீட்டுல கறி சுடறீங்களே, அதே கேஸ் கிரில் அடுப்புதான் வேணும் மாமான்னு கேட்டுட்டார். வேற எதையாவது கொண்டுபோய் இறக்கினா என் மரியாதை என்ன ஆகிறது?"

புது மாடல்கள் நடுவில் பளபளவென்று வரிசை கட்டி நின்றன. அவர் கேட்ட கிரில் ஓரமாக, சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு சக்கரம் இல்லை. அங்கே அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில் ஒன்றைக் காணோம். மூடியில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்.

"நின்னு போன மாடலை ஏன் சார் வாங்கறீங்க? நாளைக்கு ஒரு திருகு போனாலும் கம்பெனியில கிடைக்காது."

"நின்னு போன மாடலை ஏன் விக்கறீங்க? அதைச் சொல்லு முதல்ல! உங்க சங்கதி எனக்குத் தெரியாதா? போன மாசம் எங்க கிரில்லோட கைப்பிடி உடைஞ்சு போச்சு. இதே கடைக்குத்தான் போன் போட்டேன். பார்ட்ஸ் வர்றதில்ல சார்னு ஒருத்தன் இழுத்தான். விட்டேனா? போட்ட போடுல, புதுக் கைப்பிடி வாசல்ல வந்து இறங்கிடுச்சு. கத்தினாத்தான் உங்களுக்கெல்லாம் காது கேட்கும்."

சேல்ஸ்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு பக்கத்திலிருந்த புது மாடலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

அந்தக் கைப்பிடியை மனைவிக்கு நன்றாகத் தெரியும். அதன் அடியில் பாதி கிழிந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று. அதில் 'மட்டும்' என்று ஒரே ஒரு சொல். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், எண்ணெய் போட்டுத் தேய்த்தும் பார்த்தாள், போகவில்லை. "எது மட்டும்னு தெரியலியே?" என்று அவரிடம் கேட்டதற்கு, "ஆண்களுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். சுடுவது அவர். கழுவுவது அவள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார்.

"என்ன சார் பிரச்சினை?"

"பிரச்சினையா? இங்க பாருங்க. சக்கரம் இல்ல, கைப்பிடி இல்ல. கேட்டா வாங்காதேங்கிறான். கடை நடத்தறீங்களா, கண்காட்சி நடத்தறீங்களா?"

மேனேஜர் குனிந்து பார்த்தார். அந்த மூலைக்கு அவர் வந்தே வெகு நாளாகியிருக்க வேண்டும். முகம் கறுத்தது.

"இதெல்லாம் எங்கப்பா?"

"நான்தான் சார் கழட்டினேன்."

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

"இதை வாங்கினவங்க வந்து வந்து நிக்கறாங்க சார். கம்பெனிக்கு எழுதினா பதிலே வர்றதில்ல. மாடல்தானே நின்னுது? அவங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு? யாரும் சீந்தாத பீஸ்தானேன்னு, ஒண்ணு ரெண்டு கழட்டிச் சும்மா கொடுத்தேன்."

"கேட்டீங்களா கதையை!" அவர் கையைத் தட்டினார். "கடைச் சாமானை அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி வாரி வழங்கியிருக்கான். சும்மா கொடுத்தானாம்! இவனையெல்லாம் வேலைக்கு வெச்சா கடை உருப்பட்ட மாதிரிதான்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"யாருக்குக் கொடுத்தே? ஒருத்தர் பேரைச் சொல்லு. சும்மாதான் கொடுத்தான்னு அவங்க வாயால சொல்லட்டும், நான் விட்டுடறேன். இல்லேன்னா இது திருட்டு. பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

சேல்ஸ்மேன் நிமிர்ந்து ஒரு கணம் அவரைப் பார்த்தான். மேனேஜரை அல்ல, அவரை. பிறகு தரையைப் பார்த்தான்.

"ஞாபகம் இல்ல சார்."

சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜின் ஊக்கு சுலபத்தில் வரவில்லை.

அதைப் பார்க்க முடியாமல்தான் மனைவி முகத்தைத் திருப்பினாள். எதிரே அந்த மூடி. இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், குறுக்கே கிழிந்து, பாதி. அதில் 'காட்சிக்கு' என்று இருந்தது.

அவள் அதை ஒருமுறை வாய்க்குள் படித்தாள். மிச்சம் தானாகவே வந்தது.

"ஞாபகம் இல்லையாம்ல!" அவர் இன்னும் ஓயவில்லை. "அந்தக் கைப்பிடிக்கு என்ன, கால் முளைச்சுதா? யார் வீட்டுக்கு நடந்து போச்சாம்?"

"நம்ம வீட்டுக்குத்தாங்க," என்றாள் அவள், மேனேஜருக்கும் கேட்கும்படி. "இதோட 'மட்டும்' அங்கதான் இருக்கு."