ஏழு மணி நாலு நிமிஷம்

"மறுபடியும் போச்சு!" ஜோஸ்லின் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி மொட்டை மாடித் தரையில் வீசினாள். "நாலாவது நாள், விஸ்ஸாம்! நான் வாயைத் திறந்து இருபது நொடிகூட ஆகலை. கனடாவே கறுப்புத் திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு!"

கேமராக்காரன் விஸ்ஸாம் குனிந்து இயர்போனை எடுத்தான். பெய்ரூத்தின் அந்தத் தெரு முழுக்க இருட்டு. மணி ஏழு நாலு. மாண்ட்ரியலில் அது நடுப்பகல் செய்தி நேரம்.

டொராண்டோவிலுள்ள டிவி தலைமையகத்திலிருந்து உடனே போன் வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பெய்ரூத் அலுவலகத்தை மூடிவிடுவார்களாம். அவள் ஊருக்குத் திரும்பி மேஜை வேலை பார்க்கலாமாம்.

"அல்ஜியர்ஸ், பாக்தாத், கெய்ரோன்னு இருபத்திரண்டு வருஷம்! பக்கத்துல குண்டு விழுந்தப்பகூட என் நேரலை நின்னதில்லை. ஒரு ஜெனரேட்டர்கிட்டயா தோக்கணும்?"

குழப்பம் இதுதான். அரசு மின்சாரம் இல்லாத நேரத்தில் அபு நடீமின் ஜெனரேட்டர்தான் தெருவுக்கே உயிர். மற்ற நேரமெல்லாம் அது ஒழுங்காக ஓடியது. நடுவில் வந்த, நேரலை இல்லாத சனி, ஞாயிறில் ஏழு நாலுக்கும் ஓடியது. இன்று ஆறு மணிக்கு விளக்கு, கேமரா, படம் அனுப்பும் பெட்டி எல்லாவற்றையும் போட்டுச் சோதித்தார்கள். அரைமணி நேரம் அசையாமல் ஓடியது. அவள் முகம் கனடாவில் தெரிந்தால் மட்டும் நிற்கிறது.

"பெட்டிக்குப் புது பேட்டரி என்ன ஆச்சு?"

"இன்னும் துறைமுகத்துல கிடக்கு. சுங்கக்காரங்க விடல." விஸ்ஸாம் தயங்கினான். "ஒண்ணு கவனிச்சேன். கரண்ட் போறதுக்கு முன்னாடி ஒரு கணம் படம் வெளுக்குது. வோல்டேஜ் ஏறுதோ என்னவோ."

"ஏறல, ஏத்தறான்! போன மாசம் ஜெனரேட்டர்காரங்க பண்ற அநியாயத்தைச் செய்தியாப் போட்டேன்ல? பழி வாங்கறான்!"

"கொஞ்சம் பொறுங்க, ஜோஸ்லின்..."

அவள் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தாள்.

கீழே ஜெனரேட்டர் கொட்டகையில் அபு நடீம் கரி படிந்த கையால் பெரிய சுவிட்சை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். தெருவில் வெளிச்சம் வந்தது.

"இப்போ போடத் தெரியுது! நான் பேசறப்போ அணைக்கறது யாரு? உங்க அப்பனா?"

"வாங்க மதாம், வாங்க! உங்களைத்தான் தேடினேன்," என்று அவரும் குரலை உயர்த்தினார். "தெருவே என்னைக் காறித் துப்புது. எல்லாம் உங்க மூஞ்சியால!"

"என் மூஞ்சியா ஜெனரேட்டரை நிறுத்துது?"

"பின்னே? வீட்டுக்கு அஞ்சு ஆம்பியர் குடுத்திருக்கேன். எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா இந்த மெஷின் தாங்காது. ஆனா யாரும் அப்படி இழுக்கறதில்லை. ஒருத்தர் துவைப்பாங்க, ஒருத்தர் தூங்குவாங்க. அந்த தைரியத்துலதான் ஊர்ல எல்லா ஜெனரேட்டரும் ஓடுது. நீங்க வாயைத் திறந்தா மட்டும் மீட்டர் முள்ளு ஒரே தாவாத் தாவுது. உங்க மாடிக்குப் போற கம்பியில இல்ல. இந்தக் கம்பியில!"

எதிர்க் கட்டடத்துக்குப் போகும் கம்பி அது. ஏழு மாடி.

"அங்கே என்னதான் பண்றாங்க?"

"நான் போய்க் கேட்டா கதவை மூஞ்சியில சாத்தறாங்க. மூணாவது மாடியில உம் ஷாதின்னு ஒரு அம்மா. தைரியம் இருந்தா நீங்க கேளுங்க."

ஜோஸ்லின் மூன்று மாடியும் ஏறிக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். கதவு திறந்தது. அவள் வாயெடுக்கும் முன் உம் ஷாதி முந்திக்கொண்டாள்.

"வந்துட்டியா! தினம் மூஞ்சியைக் காட்டறே, அடுத்த நொடி ஆளைக் காணோம். நீயெல்லாம் டிவியில என்ன வேலை பார்க்கறே?"

"நானா? உங்களால என் வேலையே போகப்போகுது! ஏழு மணிக்கு இங்கே அப்படி என்ன ஓடுது?"

"என்ன ஓடுது? ஒரு விளக்கு! கல்யாணத்துக்குப் போடற பெரிய விளக்கு."

"எதுக்கு?"

"எதுக்கா? மாண்ட்ரியல்ல என் மகன் சாப்பாட்டு நேரத்துல உன்னைப் பார்க்கறான். உன்னையா பார்க்கறான்? உன் முதுகுக்குப் பின்னாடி தெரியற எங்க பால்கனியை! போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். 'கூரை இடிஞ்சு விழுந்தாலும் அதைத்தானே சொல்லுவே, வெளிச்சத்துல வந்து நில்லு, கண்ணால பார்க்கறேன்'கறான். நீ வந்ததும் போன்ல சொல்லுவான், நான் போடுவேன். முதல்ல நான் ஒருத்திதான் போட்டேன். இப்போ எல்லா வீட்டுலயும் போடறாங்க. பிள்ளை கனடாவுல இல்லாத வீடு இந்தக் கட்டடத்துல எது?"

சத்தம் கேட்டு மேலும் கீழும் கதவுகள் திறந்தன. ஜோஸ்லின் படிக்கட்டின் நடுவில் நின்று, அதே கோபக் குரலில், ஏழு மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"எனக்குக் குடுத்திருக்கறது மூணு நிமிஷம். நாளைக்குக் கீழ் மாடியிலேருந்து, ஒரு நேரத்துல ஒரு மாடி மட்டும் விளக்கு போடுங்க. இருபத்தஞ்சு நொடி ஆனதும் அணைச்சிட்டு, அடுத்த மாடிக்குக் குரல் குடுங்க!"