கோவிந்தராஜ் டோங்கிக்குச் சேராது

"மத்தியாஸ் பொய் எழுதுறான் சாப்! முதல்ல அவன் கடையை மூடுங்க."

காண்ட்ராக்டர் கோவிந்தராஜ் மேஜையைக் குத்தாத குறை. மூன்று டோங்கி வைத்திருப்பவர். போர்ட் பிளேரில் மோட்டார் படகுக்கு டோங்கி என்றுதான் பெயர்.

சரக்கு இன்ஸ்பெக்டர் உதயசூரியன் மனுவை வாங்கிக்கொண்டார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். அதற்குள் கறாரான ஆள் என்று பெயர் வாங்கிவிட்டார்.

அது 1963. ஊரில் ஓடிய டோங்கிகளில் பாதி இன்ஜின்களுக்கு ஊர் பேர் கிடையாது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போனது, பழைய ஜீப்பில் கழற்றியது, இரண்டையும் சேர்த்து ஒக்கிட்டது. கப்பலில் வரும் உதிரி சாமான் பெட்டியிலோ 'எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும்' என்று பளபளவென்று அச்சடித்திருக்கும். அதை நம்பி நடுக்கடலில் நின்றவர்கள் நிறைய.

உதிரி சாமான் கடைக்காரர் மத்தியாஸ் அந்த அச்சை நம்புவதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு சாமானிலும் ஒரு சீட்டு கட்டி, யார் டோங்கிக்குச் சேரும், யாருக்குச் சேராது என்று பெயர் போட்டு எழுதிவிடுவார்.

நல்ல வழக்கமாக இருக்கிறதே என்று உதயசூரியன் அதை எல்லாக் கடைக்கும் உத்தரவாகப் போட்டார். கூடவே இரண்டு விதி. சேருகிற சாமானைக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. சோதித்தவர் கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது.

"வாட்டர் பம்ப் சக்கரம் ஒண்ணு வந்திருக்கு சாப். என் பெரிய டோங்கிக்குக் கண்டிப்பா சேரும். சேராதுன்னு எழுதிக் கட்டியிருக்கான். இந்தாங்க என் பம்ப். நீங்களே மாட்டிப் பாருங்க. ஜெட்டில லோடு ஏத்திட்டு வந்துடுறேன்."

உதயசூரியன் பம்பைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார்.

"அந்தச் சக்கரத்தை எடுங்க."

மத்தியாஸ் எடுத்து வைத்தார்.

பம்பில் இருந்த சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதியதை உதயசூரியனே மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"சேருதே! பொய்ச் சீட்டு எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார். கடையை மூடணும்." மத்தியாஸ் தலை குனிந்தபடி சொன்னார். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மூடிக்கிடுங்க சார்."

"அதென்ன வெள்ளிக்கிழமை?"

"ஹேவ்லாக் தீவுலருந்து பாசஞ்சர் போட்டு வரும். செல்வம்மாள் வருவாங்க. அவங்க டோங்கி சக்கரம் தேஞ்சு அங்க நிக்குது. கோவிந்தராஜ் இன்ஜினும் அவங்க இன்ஜினும் ஜப்பான்காரன் போட்டுட்டுப் போன ஒரே ஜோடி. வந்திருக்கது ஒரே சக்கரம். அடுத்த சரக்கு ஜஹாஜு மெட்ராஸ்லருந்து வர இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு."

"அவங்க வீட்டு ஆம்பளை வரக் கூடாதா?"

"போன மழையில தவறிட்டாரு சார். அந்த டோங்கி ஓடினாத்தான் வீட்ல அடுப்பெரியும்."

"அப்ப அவங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கலாமே. பொய் எதுக்கு?"

"கேட்டவருக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் உத்தரவு போட்டீங்க?"

உதயசூரியனுக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல் கேட்டார்:

"கோவிந்தராஜுக்கும் தேவைதானே?"

"அவருக்குத் தேவை சக்கரம் இல்ல சார், அந்த டோங்கி. ஒரு மாசம் நின்னுட்டா அவங்க வந்த விலைக்குக் குடுத்துருவாங்கல்ல? ஏற்கெனவே ரெண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டாச்சு."

உதயசூரியன் ஓரமாக வைத்த பழைய சக்கரத்தை எடுத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் அதைத் தொட்டு நாலு நாள்கூட ஆகியிருக்காது. ஒரு பல்கூடத் தேயவில்லை.

வாசலில் கோவிந்தராஜின் ஜீப் வந்து நின்றது.

"க்யா சாப், சேருதா?"

உதயசூரியன் புதுச் சக்கரத்தைக் கழற்றினார். மத்தியாஸ் எழுதிக் கட்டியிருந்த சீட்டை இருவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். கோவிந்தராஜ் சிரித்தபடி சட்டைப் பையில் கைவிட்டார். மத்தியாஸின் முகம் செத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் புதிதாக ஒரு சீட்டு எழுதினார். ஆபீஸ் முத்திரையைப் பையிலிருந்து எடுத்து அழுத்திக் குத்தினார். சக்கரத்தில் கட்டி, மத்தியாஸிடமே திருப்பிக் கொடுத்தார்.

'கோவிந்தராஜ் டோங்கிக்குச் சேராது. சோதித்தவர்: உதயசூரியன், சரக்கு இன்ஸ்பெக்டர்.'