பூண்டு வாசம்

"தள்ளி உக்காரு, கையெல்லாம் பூண்டு நாத்தம்." கல்யாணமான நாளிலிருந்து முகுந்தன் என்னிடம் சொல்வது இது. அவர்தான் இப்போது காலையில் எழுந்ததும் பூண்டு நசுக்குகிறார். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அவர் வளர்க்கும் மஞ்சள் கடல்மீன் பாசி மட்டுமே தின்னும். நான்கு நாளாக அதையும் தொடவில்லை. பூண்டுச் சாறு தடவிக் கொடுத்தால் பசி எடுக்குமாம். சாறு தடவிய காய்ந்த கடல்பாசித் தாளைத் தொட்டிக்குள் கிளிப்பில் மாட்டிவிட்டு, "ஒரே ஒரு வாய் சாப்பிடும்மா" என்று கெஞ்சினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிக் கேட்ட வாயில்லை அது. மீன் திரும்பிப் பார்க்கவில்லை.

ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போனேன். கழுவாத கையைத் தண்ணீருக்குள் விட்டு, தாளைக் கிழித்து நீட்டினேன். பவளப் பாறைக்குப் பின்னாலிருந்து மீன் மெல்ல வந்தது. தாளைக் கொறித்தது. தாள் தீர்ந்த பிறகும் போகாமல் என் விரல் நுனியில் வாய் வைத்தது.

"கையை எடு வனஜா," என்றார். "அதுக்கு என்கிட்டதான் பழக்கம்." சொல்லிக்கொண்டே நெருங்கி வந்தார்.

"தள்ளி உக்காருங்க," என்றேன். "சாப்பிடுதுல்ல."